கடிகாரக்காரர்களும் வெடிகுண்டுக் கம்பெனியும்: ஒரு மீன்பிடிப் படகின் வரலாறு

1932, ஜூன் 2. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நல்ல மழை. வயல் சேறாகிக் கிடந்ததால் அன்றைக்கு உழ வழியில்லை. ஜார்ஜ் பெரி என்கிற இளம் விவசாயி நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஆக்மல்கீ ஆற்றை ஒட்டிய மாண்ட்கோமரி ஏரிக்குப் போனார். பொருளாதாரப் பெருமந்தக் காலம். அப்பா இறந்துவிட்டதால் குடும்பப் பாரம் அவர் தலையில். படகு அவரே பலகை அடித்துச் செய்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கோல், ஒரே ரீல். இரை என்று இருந்ததும் ஒன்றே ஒன்றுதான்: க்ரீக் சப் கம்பெனி மரத்தில் செதுக்கி விற்ற ஒரு போலி மீன்.

அன்றைக்கு அவர் பிடித்த மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். கிலோவில் சொன்னால் பத்துக்குக் கொஞ்சம் மேல். பக்கத்து ஊரான ஹெலினாவில் எடை போட்டார்கள். 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' பத்திரிகை நடத்திய போட்டியில் பெரிக்கு 75 டாலர் பெறுமான சாமான்கள் பரிசாகக் கிடைத்தன. மீன் என்ன ஆயிற்று என்று கேட்டால், வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்?

தொண்ணூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. 'லார்ஜ்மவுத் பாஸ்' என்கிற அந்த மீன் இனத்தில் பெரியின் எடையை இன்றுவரை யாரும் தெளிவாகத் தாண்டவில்லை. ஆனால் அதைப் பிடிக்கப் போகிறவர்களின் படகு அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. இருபது அடிக்கு மேல் நீளமான ஃபைபர்கிளாஸ் உடல், பின்னால் 250 குதிரைத்திறன் எஞ்சின், முன்னால் காலால் இயக்கும் மின் மோட்டார், நாலைந்து திரைகள், மீனை உயிரோடு வைக்கத் தொட்டி. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். உயர்ரகப் படகின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது.

அந்தப் பலகைப் படகிலிருந்து இந்த ராக்கெட்டுக்கு எப்படி வந்தார்கள்? பேராசை, விளம்பரம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. படகில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் ஏதோ ஒரு பிரச்சினைக்கு யாரோ கண்டுபிடித்த பதில். ஒவ்வொரு பதிலும் அடுத்த பிரச்சினையைக் கையோடு கூட்டி வந்திருக்கிறது.

யார் இந்த பாஸ்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூர் ஹோட்டல் மெனுவில் 'சீ பாஸ்' என்று போட்டிருப்பது கொடுவா. அதற்கும் இதற்கும் உறவில்லை. இது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். செடிகொடி, மூழ்கிய மரம், படகுத்துறை நிழல் என்று எதன் மறைவிலாவது பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வும். வாய் பெரிது. பசித்தால் மட்டும் கவ்வும் என்றில்லை. எரிச்சலிலும் கவ்வும், பழக்கத்திலும் கவ்வும். போலி இரைத் தொழில் மொத்தமும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கௌரவமான மீன் என்றால் அது ட்ரௌட். இங்கிலாந்திலிருந்து வந்த ரசனை அது. பாஸ் நாட்டுப்புறத்தான் மீன். இதை மாற்றக் கிளம்பியவர் ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற மருத்துவர். 1881இல் கருப்பு பாஸைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தூண்டிலில் மாட்டியதும் போராடுவதில் இதற்கு ஈடாக எந்த மீனும் இல்லை என்பது அவர் வாதம். ஏழை வீட்டுக் குளத்து மீனுக்கு ஒரு வக்கீல் கிடைத்தார்.

டிக் டிக் டிக்

ரீலின் கதை ஹென்ஷலுக்கும் முந்தையது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: எங்கே தொட்டாலும் ஒரு கடிகாரக்காரர் எதிர்ப்படுகிறார்.

கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் கடிகாரமும் வெள்ளிச் சாமானும் செய்துகொண்டிருந்தார். 1810களை ஒட்டி, தனக்கும் நண்பர்களுக்குமாக ஒரு புது மாதிரி ரீல் செய்தார். அதுவரை கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நரம்பு சுற்றும் உருளையும் ஒரு சுற்றுதான் சுற்றும். ஸ்னைடர் உள்ளே பல்சக்கரம் வைத்தார். கைப்பிடி ஒரு சுற்று போனால் உருளை பல சுற்று போகும். கடிகாரக்காரருக்கு இது கைவந்த வேலைதானே. அடுத்த தலைமுறையில் ஃப்ராங்க்ஃபோர்ட் ஊரின் மீக் சகோதரர்கள் இதைத் தொழிலாகவே செய்தார்கள். அவர்களும் கடிகாரக்காரர்கள். மிசூரியில் உயர்ந்த ரக ரீல் செய்து பெயர் வாங்கிய வில்லியம் டால்பட் நகைக்கடைக்காரர். 'அம்பாசடர்' ரீலை 1950களில் அமெரிக்காவுக்கு அனுப்பிய ஸ்வீடனின் அபு கம்பெனியும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான்.

வேகமான உருளை வேகமான சிக்கலைக் கொண்டுவந்தது. இரையை வீசும்போது உருளை சுற்றி நரம்பை விடுகிறது. இரை தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் உருளை சுற்றிக்கொண்டே இருந்தால் நரம்பு உள்ளேயே புரண்டு குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். அமெரிக்கர்கள் இதைப் பறவைக்கூடு என்றுதான் சொல்கிறார்கள். கட்டைவிரலால் உருளையை லேசாக அழுத்திக்கொண்டே வீசுவது ஒன்றே வழி. அந்தக் கட்டைவிரல் பக்குவம் வரச் சிலருக்கு வருஷங்கள் பிடித்தன.

இங்கேதான் வெடிகுண்டுக் கம்பெனி உள்ளே வருகிறது. ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில் 'ஜீரோ அவர் பாம் கம்பெனி' என்று ஒன்று இருந்தது. எண்ணெய்க் கிணறுகளுக்குள் குறித்த நேரத்தில் வெடிக்கும் குண்டுகள் அதன் தயாரிப்பு. காப்புரிமை காலாவதியாகப் போகிற கவலையில் புதுப் பொருள் தேடிக்கொண்டிருந்தார்கள். 1947இல் ஆர்.டி. ஹல் என்பவர் அங்கே வந்தார். தொழில்? கடிகார ரிப்பேர்தான். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர், நின்ற இடத்தில் அசையாமல் நிற்கும் நூற்கண்டின் முனையிலிருந்து நூலை இழுப்பதை அவர் பார்த்திருந்தார். கண்டு சுற்றவில்லை, நூல் மட்டும் வருகிறது. ரீலிலும் உருளை சுற்றாவிட்டால் சிக்கலே விழாதே! 1949இல் அந்த ரீல் விற்பனைக்கு வந்தது. மூடி போட்டு, பின்னால் ஒரு பொத்தான் வைத்து. கம்பெனி தன் பெயரின் முதலெழுத்துகளை எடுத்து 'ஜெப்கோ' ஆனது. பின்னாளில் குண்டுத் தயாரிப்பையே விட்டுவிட்டது.

முதன்முதலாகத் தூண்டில் பிடிக்கிறவருக்கு இன்றைக்கும் இந்தப் பொத்தான் ரீலையே கையில் கொடுக்கச் சொல்கிறார்கள். பத்து நிமிஷத்தில் பழகிவிடலாம். சுற்றும் உருளை கொண்ட பழைய மாதிரிக்கும் அதன் இடம் உண்டு. அடர்ந்த செடிக்குள்ளிருந்து பெரிய மீனைத் தடித்த நரம்பில் இழுக்க வேண்டும் என்றால் அதுதான் தாங்கும். எது உசத்தி என்ற கேள்விக்கே இடமில்லை. எந்தத் தண்ணீரில் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

முங்கிய ஊர்களின் மேல்

தண்ணீரே மாறிப்போன கதை அடுத்தது. 1933இல் அமெரிக்க அரசு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைத் தொடங்கியது. அதன் முதல் அணையான நாரிஸ் 1936இல் முடிந்தது. வெள்ளத் தடுப்பு, மின்சாரம் என்று நல்ல காரணங்கள்தான். ஆனால் அந்த ஓர் அணைக்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் கிளம்ப வேண்டியிருந்தது. கல்லறைகளைக்கூடத் தோண்டி எடுத்து வேறிடம் மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவத்தின் பொறியாளர் படையும் மாநில அமைப்புகளும் தெற்கு முழுக்க அணை கட்டின. வயல், சாலை, வீட்டு அஸ்திவாரம், காடு எல்லாம் தண்ணீருக்குள் போயின. பல இடங்களில் மரங்களை வெட்டாமல் நின்ற நிலையிலேயே முங்கவிட்டார்கள்.

பதுங்கிப் பாயும் மீனுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா? பாஸ் பெருகிற்று. டெக்ஸாஸ், லூசியானா, ஆர்கன்சா பக்கம் புது நீர்த்தேக்கங்கள் மீன்பிடிப்பவர்களின் கனவுத் தலங்களாயின. அணைக்கு முந்தைய வரைபடத்தை வாங்கி, பழைய சாலை எங்கே திரும்பியது, ஓடை எங்கே ஓடியது என்று பார்த்து அந்த இடத்தில் இரை வீசுகிற வழக்கம் வந்தது. ஒரு குடும்பத்தின் வாசற்படி இன்னொருவருக்கு மீன் கிடைக்கிற இடம். இந்த விளையாட்டின் அடியில் இது எப்போதும் கிடக்கிறது. படகுக் கடையின் விளம்பரத்தில் மட்டும் தெரியாது.

புதுத் தண்ணீர் புதுச் சாமான் கேட்டது.

மரத்துக்குள் இரையை வீசினால் முள் மரத்தில் மாட்டிக்கொள்கிறது. ஒஹையோவின் ஆக்ரன் நகரத்தில் நிக் க்ரீம் என்பவர் 1949இல் மெத்தென்ற பிளாஸ்டிக்கில் மண்புழு வார்த்திருந்தார். பிற்பாடு டெக்ஸாஸுக்கே தொழிலை மாற்றினார். அந்தப் புழுவும் முங்கிய காடும் சேர்ந்ததில் ஒரு கோர்க்கும் முறை பிறந்தது. 'டெக்ஸாஸ் ரிக்' என்று பெயர். நரம்பில் முதலில் கூம்பு வடிவ ஈயக்குண்டு. பிறகு முள். முள்ளின் முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, முனையை மறுபடி புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். மரத்தில் உரசினாலும் மாட்டாது. மீன் கடித்து நாம் சுண்டி இழுக்கும்போது முனை பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஒரே ஒரு இரை முறையை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

துடுப்புப் படகில் ஒருவர் வலிக்க இன்னொருவர் பிடிக்க வேண்டும். 1948இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் மரைன் ஒட்டுப்பலகையில் ஒடுக்கமான, தட்டையான ஒரு படகு செய்தார். முன்பக்கம் உட்கார்ந்தபடியே ஓட்டலாம். 'ஸ்கீட்டர்' என்று பெயர் வைத்தார். கொசுவுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சுவழக்கு அது. பாஸ் படகின் மூதாதை இதுதான். சத்தமில்லாமல் நகர மின் மோட்டார் ஏற்கனவே இருந்தது. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் 1934இல், ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு செய்தது. காலால் திருப்பும் மாதிரி 1950களில் வந்ததும் இரண்டு கையும் தூண்டிலுக்கு விடுதலை ஆயிற்று.

கலங்கிய ஆழத்தில் என்ன இருக்கிறது? கார்ல் லோரன்ஸ் 1950களின் கடைசியில் சிறிய சோனார் பெட்டி ஒன்றை விற்கத் தொடங்கினார். நீர்மூழ்கியைத் தேடிய போர்க்காலத் தொழில்நுட்பம், சாப்பாட்டுக் கூடை அளவுக்குச் சுருங்கிப் படகில் ஏறியது. 'பச்சைப் பெட்டி' என்றாலே எல்லாருக்கும் தெரியும்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர்

சாமான் எல்லாம் தயார். இவற்றை ஒன்றாகச் சேர்த்துக் காசாக்க ஒரு ஆள் வேண்டும். அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். கோல்ஃபுக்குப் போட்டி இருக்கிறது, மீனுக்கு ஏன் இல்லை என்று யோசித்தார். 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் தலைக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணத்தில் ஒரு போட்டி வைத்தார். 13 மாநிலங்களிலிருந்து 106 பேர் வந்தார்கள். அடுத்த வருஷமே பி.ஏ.எஸ்.எஸ். என்ற அமைப்பைத் தொடங்கினார். 1971இல் முதல் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்'. 24 பேரை விமானத்தில் ஏற்றி, பறந்துகொண்டிருக்கும்போதுதான் போகிற இடம் நெவாடாவின் மீட் ஏரி என்று சொன்னார்கள். வென்ற பாபி மர்ரேவுக்கு 10,000 டாலர்.

அதே 1968இல் ஆர்கன்சாவின் ஃப்ளிப்பின் என்ற சின்ன ஊரில் ஃபாரஸ்ட் வுட், நீனா வுட் தம்பதி 'ரேஞ்சர்' படகுத் தொழிலைத் தொடங்கினார்கள். ஃபாரஸ்ட் வுட் ஒயிட் ஆற்றில் மீன்பிடி வழிகாட்டியாக இருந்தவர். முதல் வருஷம் செய்தது ஆறே படகு. 1971இல் தொழிற்சாலை எரிந்தே போயிற்று. மறுபடி எழுந்தார்கள். போட்டி படகை விற்றது, படகு போட்டியை வளர்த்தது.

படகுக்குள் யார் என்பதும் ஒரு கேள்வியாக இருந்தது. ஸ்காட்டின் போட்டிகள் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும். ஒரே படகில் நாள் முழுக்க இருக்க வேண்டும், ஒதுங்க இடமில்லை என்று காரணம் சொன்னார்கள். பெண்கள் 1976இல் 'பாஸ்'ன் கேல்' என்று தனிப் போட்டியே தொடங்கிவிட்டார்கள். 1991இல் ஏரிகளை நிர்வகிக்கும் பொறியாளர் படை, பொது ஏரியில் இப்படி விலக்கக்கூடாது என்ற பிறகுதான் கதவு திறந்தது. கிம் பெயின்-மூர் என்கிற பெண் கிளாசிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 2009இல். படகு ரொம்பச் சிறியது என்ற வாதம் கடைசியில் எவ்வளவு சிறியது என்று பாருங்கள்.

செத்த மீன், செத்த மனிதர்

போட்டி வந்ததும் இரண்டு பிரச்சினைகள் சேர்ந்தே வந்தன.

முதலாவது, எடை போட்ட மேடைக்குப் பின்னால் குவிந்த செத்த மீன்கள். ஒரே நாளில் நூறு பேர் பிடித்துக் கொன்றால் ஏரி என்னாகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கொலராடோவில் ட்ரௌட் பிடிப்பவர்கள் சின்ன மீனைக்கூடக் கொண்டாடித் திரும்ப விடுவதைப் பார்த்த ஸ்காட், 1972இல் தன் போட்டிகளில் உயிரோடு விடுவதை விதியாக்கினார். செத்த மீனுக்கு எடைக் கழிவு. உடனே படகில் காற்று செலுத்தும் நீர்த்தொட்டி வந்துவிட்டது.

தொட்டி இருந்தால் மட்டும் மீன் பிழைக்காது. வெயில் காலத்தில் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. பம்ப்பை நிறுத்தாமல் ஓடவிடுவது, ஏரி நீரைவிடச் சில டிகிரி மட்டும் குளிராக இருக்கும்படி கொஞ்சம் ஐஸ் போடுவது, கையை நனைத்துவிட்டுத் தொடுவது, பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துப் படுக்கைவசமாகத் தூக்காமல் வயிற்றுக்கு இன்னொரு கை கொடுப்பது. இதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். மீன் பிழைப்பதும் சாவதும் இவற்றில்தான் இருக்கிறது.

இரண்டாவது, வேகம். குதிரைத்திறன் ஏற ஏற, அலையில் துள்ளியோ கட்டையில் மோதியோ ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தார். ஆளில்லாத படகு நிற்காது. ஸ்டியரிங் தானாகத் திரும்பி வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். புரொப்பல்லர் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஒரு சின்னச் சுருள்கயிறு. ஒரு முனை ஓட்டுநர் உடம்பில், மறுமுனை எஞ்சின் சுவிட்சில். ஆள் விழுந்தால் எஞ்சின் நிற்கும். போட்டிகள் இதையும், பெரிய எஞ்சின் ஓடும்போது மிதவைச் சட்டை போடுவதையும் கட்டாயமாக்கின. பொது நீர்நிலைகளில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு இந்தக் கயிறு நாடு முழுக்கச் சட்டமானது 2021 ஏப்ரல் 1இல்தான். பல சாவுகள் எழுதிய ஒரு வரிச் சட்டம்.

1971ஆம் வருஷப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே வந்த இன்னொன்று, 20 அடிக்குக் குறைந்த படகுகளில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகடு. எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் என்று அதில் இருக்கும். பலர் ஆட்களை மட்டும் எண்ணுவார்கள். 25 கேலன் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே சுமார் 95 கிலோ. அதாவது கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு ஆள் ஏறிவிட்டார். பழைய படகு வாங்குகிறவர் முதலில் தேட வேண்டியது அந்தத் தகட்டை. எஞ்சின் அதில் போட்ட எண்ணைத் தாண்டியிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். தண்ணீரில் இறக்கும் முன் பின்பக்க அடைப்பானைப் போட்டாயிற்றா என்று பார்ப்பது இன்னும் எளிய விஷயம். அதையே மறந்து படகு முங்கியவர்கள் ஏராளம்.

விட்டுவிடுவதா, கூடாதா?

2009 ஜூலை 2. ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். பெரியைவிட ஓர் அவுன்ஸ் குறைவான வித்தியாசத்தில் அதிகம். சாதனையை முறியடிக்கக் குறைந்தது இரண்டு அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது சர்வதேச அமைப்பின் விதி. ஆகவே இருவரும் சமம்.

ஆனால் அங்கே பாஸ் அந்நியன். 1925இல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவி உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. பிவா ஏரி உள்ள ஷிகா மாகாணத்தில் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதற்கே தடை. அமெரிக்காவில் விடாதவர் பொறுப்பற்றவர், பிவாவில் விடுகிறவர் பொறுப்பற்றவர். ஒரே மீன், ஒரே கை. ஏரிதான் வேறு. தண்ணீரைக் கேட்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் தேட வேண்டாம்.

இப்போதைய சண்டை திரையைப் பற்றி. 2018இல் வந்த 'லைவ்ஸ்கோப்' வகைச் சோனார், படகுக்கு முன்னால் உள்ள மீனையும் அதை நோக்கிப் போகிற இரையையும் அந்தந்த நொடியிலேயே படமாகக் காட்டுகிறது. இளைஞர்கள் திரையைப் பார்த்தே வெல்கிறார்கள். ஏரியை நாற்பது வருஷம் படித்தவர்களுக்கு வயிறு எரிகிறது. சில போட்டிகள் இதற்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டன. ஸ்னைடரின் பல்சக்கரத்தைப் பார்த்தும் யாரோ முணுமுணுத்திருப்பார்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கயிறு ஆளைக் காப்பாற்றியது, தொட்டி மீனைக் காப்பாற்றியது, பொத்தான் ரீல் குழந்தைக்கும் வழிவிட்டது. இந்தத் திரை யாரைக் காப்பாற்றுகிறது, யாருக்கு வழிவிடுகிறது?

கடைக்குள் நுழைகிற யாரும் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து இதையே கேட்டுப் பார்க்கலாம்: இது எந்தப் பிரச்சினைக்குப் பதில், அந்தப் பிரச்சினை எனக்கு இருக்கிறதா? மிதவைச் சட்டையும் சுவிட்ச் கயிறும் முதல் கேள்வியிலேயே தேறிவிடும். மீதியில் பலவற்றை அலமாரியிலேயே வைத்துவிட்டு வரலாம்.